எரியலைன்னா ஒண்ணும் ஆகலைன்னு அர்த்தமில்லை, தம்பி

போன மாதம் மறுபடியும் ஒரு விரல், துரு எடுக்கிற கெமிக்கலில் போனது. எனக்குத் தெரிந்து இந்த வருஷத்தில் மூன்றாவது. முதல் இரண்டு தடவையும் ஆளைப் பிடித்துத் திட்டியதோடு விட்டுவிட்டேன். இந்த முறை உட்கார்ந்து எழுதிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு அலுவலகம். வெள்ளிக்கிழமை ராத்திரி கார்ப்பெட் ஷாம்பூ வேலை. இரும்பு பீரோவின் கால்கள் இருந்த இடத்தில் நாலு துருக்கறை. ஷாம்பூவுக்கு அசையவில்லை. சூப்பர்வைசர் ஒரு தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் கெமிக்கல் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். பாட்டில் மேல் ஒட்டியிருந்தது குடிதண்ணீர் கம்பெனியின் லேபிள். பையனுக்கு 22 வயது. துணியில் நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்தான், கறை கண்ணெதிரே கரைந்தது. ஆள்காட்டி விரலில் கிளவுஸ் கிழிந்திருந்தது. ஈரம் பட்டது அவனுக்கே தெரிந்தது. ஆனால் எரியவில்லை. பேண்ட்டில் துடைத்துக்கொண்டு அடுத்த கேபினுக்குப் போய்விட்டான். அப்போது மணி பதினொன்று.

விடிகாலை நாலரைக்கு, விரல் நுனியில் யாரோ சுத்தியலால் அடிக்கிற மாதிரி வலி. பார்த்தால் கொப்புளம் இல்லை, சிவப்புகூட இல்லை. நகத்தடி மட்டும் வெளுத்திருந்தது. டூத்பேஸ்ட் தடவச் சொன்னார்கள், தடவினான். மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை கொடுத்தார்கள், போட்டுக்கொண்டான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மதியம் ஆகிவிட்டது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன ஆசிட் பட்டது?" பையன் சொன்ன பதில், "துரு எடுக்கிற கெமிக்கல் சார்." அதை வைத்துக்கொண்டு டாக்டர் என்ன செய்வார்? எனக்கு போன் வந்து, நான் ஸ்டோர்காரரை எழுப்பி, ஐந்து லிட்டர் கேனைப் படம் எடுத்து அனுப்பவைத்தேன். பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது: ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட். நகத்தை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

நான் டாக்டர் இல்லை. பதினாறு வருஷம் கிளீனிங் மெஷின் தள்ளிவிட்டு, இப்போது ஹவுஸ்கீப்பிங் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவன். ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது ஒருவர் தவறாமல் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "எரிஞ்சா உடனே கழுவிடுவோம் சார்." அதைக் கேட்டாலே எனக்குத்தான் எரியும்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று தெரியும். டாய்லெட் கழுவுகிற ஆசிட் கற்றுக்கொடுத்த பாடம் அது. அது பட்டால் சுர்ரென்று சொல்லிவிடும், நெடி வேறு மூக்கைத் துளைக்கும். அந்த அனுபவத்தை வைத்து எல்லா ஆசிட்டும் அப்படித்தான் என்று நினைக்கிறோம். துருவுக்கு விற்கும் சில கெமிக்கல்களில் இருக்கும் இந்த ஆசிட் அப்படியில்லை. தோலில் சண்டை போடாமல் உள்ளே இறங்கிவிடும். உள்ளே போய்த்தான் வேலையைக் காட்டும். உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதிகமாகப் பட்டால் ரத்தத்தில் கால்சியம் இறங்கி இதயத் துடிப்பே தடுமாறும்.

இதை நிதானமாகப் படியுங்கள். இந்த ஆசிட் 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் பட்ட உடனே வலிக்கும். 20 முதல் 50 வரை என்றால் வலி வர ஒரு மணி நேரத்திலிருந்து எட்டு மணி நேரம்வரை ஆகலாம். 20-க்கும் கீழே என்றால் 24 மணி நேரம்கூட ஆகலாம். நம் கையில் வருகிற துரு கெமிக்கல்கள் பெரும்பாலும் இந்தக் கடைசி ரகம். அதாவது, "தண்ணி கலந்து லைட்டாக்கிட்டோம் சார்" என்று நீங்கள் பெருமையாகச் சொல்லும்போது, ஆபத்தை முழுசாக எடுக்கவில்லை. எச்சரிக்கை மணி அடிக்கிற நேரத்தைத் தள்ளிப் போட்டிருக்கிறீர்கள். ஷிஃப்ட் முடிந்து, ரூமுக்குப் போய், சாப்பிட்டுப் படுத்த பிறகு அடிக்கும். அப்போது கேன் பக்கத்தில் இருக்காது, பெயர் தெரிந்த ஆளும் பக்கத்தில் இருக்கமாட்டார்.

இன்னும் நம்பிக்கை வரவில்லையா? சில வருஷங்களுக்கு முன் வேறொரு இடத்தில் இதே மாதிரி கறை எடுக்கும்போது கண்ணாடித் தடுப்பில் நாலு சொட்டு தெறித்தது. காலையில் பார்த்தால் கண்ணாடியில் அழியாத வெள்ளைத் தழும்பு. இந்த ஆசிட் கண்ணாடியையே அரிக்கும். கண்ணாடிக்கான பணத்தை பில்லில் பிடித்தார்கள், அதற்காக இரண்டு மீட்டிங் நடந்தது. துடைத்த ஆளின் கை எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

சரி, என்ன செய்வது?

முதலில் கேனைப் படியுங்கள். எல்லாத் துரு கெமிக்கலிலும் இது இருக்காது. ஆக்சாலிக் ஆசிட் வைத்துச் செய்ததும் உண்டு. அதுவும் விஷம்தான், ஆனால் இந்த அளவு மோசமில்லை. ஹைட்ரோஃப்ளூரிக் என்றோ அமோனியம் பைஃப்ளூரைடு என்றோ போட்டிருந்தால், தயவுசெய்து வேறு வாங்குங்கள். லேபிளில் எதுவும் இல்லையென்றால் விற்றவரிடம் பாதுகாப்புத் தகவல் தாள் கேளுங்கள். 16 பகுதி இருக்கும்; முழுவதும் படிக்க வேண்டாம், மூன்றாவதில் என்ன இருக்கிறது, நாலாவதில் என்ன முதலுதவி என்று பார்த்தால் போதும். தாள் கொடுக்காதவரிடம் சரக்கு வாங்காதீர்கள்.

பெட்டி பெட்டியாக மலிவு விலைக்கு வருகிற மெல்லிய ரப்பர் கிளவுஸ் இதற்கு ஆகாது. தடித்த நியோப்ரீன் கிளவுஸ், கண்ணுக்குக் கண்ணாடி. தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கிற சூப்பர்வைசர்களுக்கு ஒரே ஒரு கேள்வி: அதை உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் வைப்பீர்களா?

பட்டுவிட்டால், எரிகிறதா என்று காத்திருக்காதீர்கள். கிளவுஸைக் கழற்றி, மோதிரம் இருந்தால் அதையும் கழற்றி, குழாயைத் திறந்துவிட்டுக் கையை நீட்டுங்கள். 2.5 சதவீத கால்சியம் குளூக்கோனேட் ஜெல் கைவசம் இருந்தால் ஐந்து நிமிஷம் கழுவிவிட்டு ஜெல்லைத் தேய்க்கத் தொடங்கலாம்; இல்லையென்றால் கால் மணி நேரமாவது கழுவ வேண்டும். தேய்த்துவிடுகிறவர் வெறுங்கையோடு தேய்க்கக் கூடாது. கண்ணில் பட்டால் ஜெல் வேண்டாம், தண்ணீர் மட்டும். எப்படியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், கேனோ அதன் படமோ கையில் இருக்க வேண்டும். அந்த ஜெல் சாதாரண மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் முழிப்பார்கள். தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான் விற்கிறவர்களிடம் கேட்டு வாங்கி வையுங்கள். அப்புறம், வலி மாத்திரையை நீங்களாகப் போட்டுக்கொள்ளாதீர்கள். வலி குறைகிறதா என்பதை வைத்துத்தான் மருந்து வேலை செய்கிறதா என்று டாக்டர் பார்ப்பார்.

இத்தனைக்கும் அந்த நாலு கறையும் வந்திருக்கவே தேவையில்லை. முந்தின தடவை கார்ப்பெட்டை ஷாம்பூ போட்டவர்கள் காய்வதற்குள் பீரோவின் இரும்புக் காலை ஈரத்தில் இறக்கியிருக்கிறார்கள். காலுக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு வைத்திருந்தால் போதும். பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டையை வெட்டினாலே வேண்டிய துண்டு வரும். "டைம் இல்லண்ணே" என்பார்கள். கறை எடுக்க ஒன்றரை மணி நேரம் கிடைத்ததே!

கரண்ட் விஷயத்திலும் இதே கதைதான். ஈரக் கார்ப்பெட்டில் நின்று மெஷின் பிடிக்கிற பையன், "லேசா சுர்ருங்கும்ணே, பழகிடுச்சு" என்கிறான். எட்டிப் பார்த்தால் பிளக்கில் எர்த் பின் உடைந்திருக்கிறது, அல்லது பொருந்தவில்லை என்று இவர்களே உடைத்திருக்கிறார்கள். சுர்ரென்றால் மெஷினைத் தொடாமல் மெயினை அணையுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக லைனை அணைக்கிற சுவிட்ச்) இல்லாத லைனில் செருகவே செருகாதீர்கள். ஹைப்போ என்கிற பிளீச்சிங் திரவத்தையும் ஆசிட்டையும் கலக்கக் கூடாது என்பதையும் நான் இங்கே எழுத வேண்டுமா?

இந்தப் பையன் விஷயத்தில் காயத்தைவிட எனக்கு வயிறு எரிந்தது வேறொன்றில். "வீட்டில் பட்டதுன்னு சொல்லிடு" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தம்பி, மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருக்கிற கான்ட்ராக்ட் ஆளுக்கும் இ.எஸ்.ஐ. என்கிற அரசுத் தொழிலாளர் காப்பீடு உண்டு. வேலையில் பட்ட காயத்துக்கு, வேலைக்குச் சேர்ந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தாலும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். வீட்டில் பட்டது என்று நீயே சொல்லிவிட்டால் அது போச்சு. விபத்து நடந்த இடமும் நேரமும் முதல் சீட்டிலேயே சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

இன்றைக்கு ஷிஃப்ட் ஏறுவதற்கு முன்னால் ஸ்டோர் ரூமுக்குப் போய், இருக்கிற கேன் எல்லாவற்றையும் முன்பக்கமும் பின்பக்கமும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிஷ வேலை. லேபிள் இல்லாத பாட்டிலை யாராவது நீட்டினால் கை நீட்டாதீர்கள். சத்தம் போட்டால், ட்ரெய்னிங் சார் தொடக்கூடாது என்று சொன்னார் என்று என் மேல் பழியைப் போடுங்கள்.