புகை படிந்த கண்: பிஎஸ்பி இறுவட்டை வாசிப்பது எப்படி?

"சுத்துற சத்தம் கேக்குது அண்ணே, கேம் மட்டும் வரல." போன மாதம் ஒரு தம்பி தன் பிஎஸ்பியை (பிளேஸ்டேஷன் போர்ட்டபிள் என்ற கையடக்கக் கேம் இயந்திரம்) என் மேசையில் வைத்துவிட்டுச் சொன்னது இது. இலங்கை மலையகத்தில் அட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பையன். கொழும்பில் வேலை செய்யும் மாமா கொடுத்த பழைய இயந்திரம். பற்றரியைக் கழற்றி, பின்பக்கக் கதவைத் திறந்து, டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். நீலச் சாயலுடன் பளபளக்க வேண்டிய சின்ன வில்லை (லென்ஸ்), சாயம் காய்ந்த தேநீர்க் கோப்பையின் அடி மாதிரி மங்கிக் கிடந்தது. "அடுப்புக்குப் பக்கத்திலயா விளையாடுவ?" என்று கேட்டேன். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் வேறெங்கே இடம் என்பதுபோல் பார்த்தான்.

மோட்டார் போய்விட்டது, லேசர் செத்துவிட்டது என்று ஒதுக்கப்படும் இயந்திரங்களில் கணிசமானவை இப்படிக் கண் மங்கியவைதான். ஏன் இவ்வளவு மெல்லிய படலம் ஒரு இயந்திரத்தையே முடக்குகிறது என்று புரிய, அது எப்படி வாசிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பிஎஸ்பி 2004 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்தது. அதில் போடும் யூஎம்டி என்ற சின்ன இறுவட்டின் விட்டம் 60 மில்லிமீற்றர்தான். இரண்டு அடுக்குகளில் 1.8 ஜிகாபைட் வரை கொள்ளும். வட்டுக்குள் ஒரு சுருள் பாதை, அந்தப் பாதை நெடுக நுண்ணிய பள்ளங்கள். வாசிக்க வரும் சிவப்பு லேசரின் அலைநீளம் 660 நனோமீற்றர். பள்ளத்தின் ஆழம், பிளாஸ்டிக்குக்குள் அந்த ஒளிக்கு இருக்கும் அலைநீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு. பள்ளத்துக்குள் இறங்கி ஏறும் ஒளி, மேட்டில் பட்டுத் திரும்பும் ஒளியைவிடக் கிட்டத்தட்ட அரை அலை பின்தங்கிவிடும். ஒன்றின் முகடு மற்றதன் தாழ்வில் விழ, இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். பள்ளம் வந்தால் மங்கல், மேடு வந்தால் வெளிச்சம். அந்த மினுக்கத்தைத்தான் இயந்திரம் எண்களாக மாற்றுகிறது.

இதற்கு லேசர்ப் புள்ளி ஒரு மைக்கிரோமீற்றர் அளவுக்குக் குவிய வேண்டும். தலைமயிர் ஒன்றின் தடிப்பே அதைப்போல் ஐம்பது, எழுபது மடங்கு. சுழலும் வட்டோ லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். ஆகவே வில்லை நிலையாக இருப்பதில்லை. மெல்லிய கம்பிகளில் தொங்கி, காந்தச் சுருள்களின் இழுப்பில் மேலும் கீழும், உள்ளும் வெளியும் ஓயாமல் நகர்கிறது. குவியம் தப்பியதை அது எப்படி அறிகிறது? ஒளிவட்டு இயந்திரங்களில் வழக்கமான ஒரு முறை உண்டு. திரும்பி வரும் ஒளி, நான்காகப் பிரித்த ஒளியுணரியில் விழும். குவியம் சரியென்றால் வட்டமாக விழும். வட்டு கிட்ட வந்தால் ஒரு பக்கம் சாய்ந்த முட்டை வடிவம், தள்ளிப் போனால் மறுபக்கம் சாய்ந்த முட்டை. எனக்கு இந்த வேலையில் இன்னும் வியப்பு அடங்காத இடம் இதுதான்.

இப்போது அடுப்புப் புகைக்கு வருவோம். ஒளி வில்லையை இரண்டு தடவை கடக்கிறது, போகும்போதும் திரும்பும்போதும். படலம் ஒவ்வொரு தடவையும் ஐந்தில் ஒரு பங்கை விழுங்கினால், மிஞ்சுவது 64 சதவீதம். மிஞ்சியதும் சிதறி வருவதால் வட்டமும் முட்டையும் கலங்கிவிடும். விறகுப் புகையில் கரி மட்டுமல்ல, பிசின் போன்ற ஒட்டும் பொருளும் இருக்கிறது. ஊதினால் போகாது.

பனியும் சேர்ந்துகொள்கிறது. இந்த மலைப்பக்கத்து நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். இரவெல்லாம் குளிரில் கிடந்த இயந்திரத்தைச் சோற்றுப்பானை கொதிக்கும் அறைக்குள் கொண்டுவந்தால், அங்குள்ள நீராவி குளிர்ந்த வில்லையில் முத்து முத்தாகப் படியும். காலையில் வேலை செய்யாமல் மதியம் தானாகச் சரியாகிற இயந்திரம் என்றால் நான் முதலில் நினைப்பது இதைத்தான். ஈரம் நெடுநாள் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். அது சுரக்கும் அமிலம் வில்லையின் மேல்பூச்சை அரித்த பிறகு துடைத்துப் பயனில்லை.

திறப்பதற்கு முன் காதைக் கொடுங்கள். வட்டு சுற்றிச் சுற்றி நின்றால் பெரும்பாலும் பார்வைக் கோளாறு. வில்லையைச் சுமக்கும் தட்டு கரகரத்து மாட்டிக்கொண்டால், திருகுத்தண்டில் பழைய கிரீஸ் இறுகியிருக்கலாம். ஒரு அசைவுமே இல்லையென்றால் கதவின் சுவிட்சையும் நாடாக் கம்பியின் இணைப்பையும் பார்க்கலாம்.

துடைக்கும் வேலை சின்னது, ஆனால் கை நடுங்கக்கூடாது. தண்ணீர் கலக்காத ஐபிஏ (ஐசோபுரோப்பைல் அற்ககோல்) போதும். காயத்துக்குப் பூசும் சில ஸ்பிரிட்டுகளில் எண்ணெய் இருக்கும், அது இன்னொரு படலத்தை விட்டுவிட்டுப் போகும். தின்னர் வேண்டவே வேண்டாம். வில்லை பெரும்பாலும் பிளாஸ்டிக். பஞ்சுக் குச்சியை ஒரு துளியில் நனைத்து, உதறி, வில்லையின் மேல் அதன் பாரம் மட்டும் படும்படி நடுவிலிருந்து வெளியே சுழற்ற வேண்டும். அழுத்தினால் அது தொங்கும் கம்பி வளையும். தம்பியின் இயந்திரத்தில் முதல் குச்சி மஞ்சளாக வந்தது. இரண்டாவது கொஞ்சம் வெளுப்பு. மூன்றாவது சுத்தம். கதவு திறந்திருக்கையில் எக்காரணம் கொண்டும் மின்சாரம் கொடுக்காதீர்கள். லேசர் கண்ணைக் கெடுக்கும்.

வட்டையும் மறக்கக்கூடாது. யூஎம்டியின் உறையில் லேசர் நுழையும் வாசலுக்கு மூடி இல்லை, அதனால் அதே புகை வட்டிலும் படியும். அந்த உறையின் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பக்கம் கழன்றுவிட்டால் சுப்பர் குளூவை உள்ளே வழிய விடாதீர்கள். அதன் ஆவி வட்டின் மேல் வெள்ளைப் பூப்பாகப் படிந்துவிடும். ஒரு பொட்டு வைத்து, ஆவி அடங்கும் வரை திறந்தபடியே விடுங்கள்.

பத்து நிமிடம் காயவிட்டு, தம்பியையே வட்டைப் போடச் சொன்னேன். வில்லை ஏறி இறங்கும் அந்த மெல்லிய "டிக்", அப்புறம் சீரான சுழற்சி, திரையில் படம். போகும்போது ஒரு பிஸ்கட் டின்னும், புதிய சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்கள் இரண்டும் கொடுத்து, அடுப்புக்கு எதிர்ச் சுவரில் வைக்கச் சொன்னேன்.