பட்டன் வேறொருவர் கையில்

ரிப்பீட்டர் என்பது அமெச்சூர் வானொலிக்காரர்களின் (ஹாம்களின்) பேச்சை வாங்கி, கூடுதல் சக்தியோடு மறுபடி ஒலிபரப்பும் நிலையம். அதன் வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயரை மூடி கழற்றி வைத்துவிட்டு, டார்ச் அடித்து ஆனோடு, அதாவது வால்வின் உயர் மின்னழுத்த முனை, பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையை உள்ளே விடப்போகும் நேரத்தில் உயர் மின்னழுத்தத்தை இணைக்கும் மின்சுவிட்சான காண்டாக்டர் ‘டொப்’பென்று ஒட்டிக்கொண்டது. எங்கோ தொலைவில் ஒரு ஹாம் நண்பர், ரிப்பீட்டர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க மைக் பட்டனை அழுத்தியிருக்கிறார். அவர்மேல் குற்றமில்லை. சிக்னல் வந்தால்தானே உயர் மின்னழுத்தம் வரும், ஒரு பார்வைதானே என்று பிளக்கைப் பிடுங்காமல் திறந்தவன் நான். மூடி திறந்ததும் மின்சாரத்தை நிறுத்த வேண்டிய இன்டர்லாக் ஸ்விட்சை எனக்கு முன் வந்த யாரோ டேப் சுற்றி அழுத்தி வைத்திருந்தார், அது வேறு.

வீட்டு மேசையில் இருக்கும் ஆம்ப்ளிஃபயரை நாம் அழுத்தினால்தான் அது இயங்கும். ரிப்பீட்டரை ஊரில் யார் வேண்டுமானாலும் இயக்கலாம்; யாரும் பேசாவிட்டாலும் அழைப்புக்குறி (நிலையத்தின் அடையாளப் பெயர்) சொல்ல, அதை இயக்கும் கன்ட்ரோலரே எழுப்பிவிடும். கன்ட்ரோலருக்கு ‘நிறுத்து’ என்று கட்டளை கொடுத்துவிட்டு உள்ளே கைவிடுவதை நான் ஏற்பதில்லை. பிளக்கைப் பிடுங்கி, என் கண்ணில் படும்படி ஆம்ப்ளிஃபயர் மேலேயே வைத்துக்கொள்கிறேன்.

பிளக் வெளியே வந்த பிறகும் மின்தேக்கிகள் இருக்கின்றன. 2,000 வோல்ட்டில் 50 மைக்ரோஃபாரட் என்றால் 100 ஜூல். மருத்துவமனை டிஃபிப்ரிலேட்டர் கொடுக்கும் அதிர்ச்சியை நெருங்கும் அளவு. இதை வடிப்பதற்காகவே பிளீடர் மின்தடை இருக்கிறது. 100 கிலோஓம் பிளீடர் நன்றாக இருந்தால் அரை நிமிடத்தில் சில வோல்ட்டுக்கு இறக்கிவிடும். ஆனால் உயர் மின்னழுத்தம் இருக்கும் நேரமெல்லாம் அது 40 வாட் வெப்பத்தில் வேகிறது. வெந்து வெந்து ஒரு நாள் அறுந்துபோகும். அறுந்தது வெளியே தெரியாது, ஆம்ப்ளிஃபயர் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆகவே காப்பிட்ட கோல். முனையில் ஒரு கொக்கி, அதிலிருந்து மின்தடை வழியாக சேசிஸுக்கு (ஆம்ப்ளிஃபயரின் உலோகச் சட்டத்துக்கு) ஒரு கம்பி. முதலில் மின்தடை வழியாக வடித்து, பிறகு நேரடியாகத் தொட வேண்டும். இதிலும் ஒரு பொறி உண்டு. பல ஆம்ப்ளிஃபயர்களில் மின்வழங்கியின் நெகட்டிவ் முனை நேராக சேசிஸில் இருக்காது. ஆனோடு மின்னோட்டத்தை அளப்பதற்காக நடுவில் ஒரு சிறு மின்தடை இருக்கும். அது எரிந்து அறுந்திருந்தால், பாசிட்டிவை சேசிஸில் எத்தனை முறை தொட்டாலும் மின்தேக்கி காலியாகாது. தீப்பொறி வரவில்லை, காலிதான் என்று நினைத்துவிடுவோம். மின்தேக்கியின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே வடித்து, குறுக்கே அளந்தும் பாருங்கள். அளக்க உயர் மின்னழுத்த புரோப் வேண்டும்; சாதாரண மல்டிமீட்டரின் எல்லை பெரும்பாலும் 1,000 வோல்ட்டுக்குள் முடிந்துவிடும். வடித்த மின்தேக்கி சும்மா விட்டால் தானே கொஞ்சம் மின்னழுத்தத்தை மீட்டுக்கொள்ளும் என்பதால், வேலை முடியும்வரை ஒரு கிளிப் கம்பி குறுக்கே கிடக்கட்டும்.

அன்றைய பழுது சொல்லும்படி பெரிதில்லை. காற்று வடிகட்டி தூசியால் கம்பளி போர்த்தியதுபோல் அடைத்திருந்தது. 4சிஎக்ஸ்250பி போன்ற வால்வுக்கு ஆனோடில் 250 வாட் வெப்பம்வரை தாங்கும் என்று கணக்கு; விசிறி ஊதினால்தான் அந்தக் கணக்கு. எஃப்எம்மில் பட்டன் அழுத்தியிருக்கும்வரை முழு சக்தியும் போய்க்கொண்டே இருக்கும், பேச்சுக்கு இடையில் ஓய்வு கிடையாது. நீளமாகப் பேசுகிறவர்கள் எல்லா ரிப்பீட்டரிலும் உண்டு. புது வால்வு, புது பிளீடர், புது வடிகட்டி போட்டேன். டேப்பைப் பிய்த்து எறிந்தேன். சில வால்வுகளின் வெள்ளைப் பீங்கானில் பெரிலியம் ஆக்சைடு இருக்கும். அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. உடைந்ததைச் சுரண்டவோ குப்பையில் போடவோ கூடாது.

மூடும்போது ஒருமுறை அந்தக் கிளிப்பை எடுக்க மறந்து, சுவிட்சைப் போட்டதும் ஃபியூஸ் வெடித்தது. இப்போது கம்பியின் வாலில் தடித்த சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். அது உள்ளே இருந்தால் மூடி உட்காராது.