ஃபீனோடைப்: ‘புறத்தோற்றம்’ என்றால் போதுமா?

கறவை மாடு வாங்கப் போனவர்களுக்கு இந்தப் பேச்சு பழக்கம்: “நல்ல ஜாதி மாடுங்க, வேளைக்குப் பத்து லிட்டர் கறக்கும்.” விற்கிறவர் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அவர் கட்டுத்தறியில் அது பத்து லிட்டர் கறந்திருக்கிறது. நம் தொழுவத்துக்கு வந்து ஒரு மாதம் ஆனதும் ஆறு. மாடு அதே மாடுதான், ஜாதியும் மாறவில்லை. அவர் ஜாதியைச் சொன்னார், நாம் பாலை எதிர்பார்த்தோம். முன்னது ஜீனோடைப், பின்னது ஃபீனோடைப்.

இரண்டு சொல்லையும் 1909இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் டென்மார்க்கின் தாவரவியலாளர் வில்ஹெல்ம் யோஹான்சன். ‘ஜீன்’ என்ற சொல்லும் அவர் வைத்ததுதான். அவர் ஆராய்ந்தது மாட்டை அல்ல, பீன்ஸை. தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் ஒரே வம்சச் செடிகளின் விதைகளில் பெரியதைத் தனியாக, சிறியதைத் தனியாக விதைத்துப் பார்த்தார். அடுத்த விளைச்சலில் இரண்டு பக்கமும் விதையின் சராசரி எடை ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. அப்படியானால் முன்பு தெரிந்த பெரியது சிறியது என்ற வித்தியாசம் வம்சத்தில் வந்ததல்ல, வளர்ந்த இடத்தில் வந்தது. உள்ளே இருப்பதற்கு ஒரு பெயர், வெளியே தெரிவதற்கு ஒரு பெயர் என்று பிரிக்க வேண்டிய தேவை இப்படித்தான் எழுந்தது. கிரேக்கத்தில் ‘ஃபைனெய்ன்’ என்றால் காட்டுதல், ‘கெனோஸ்’ குலம், ‘டைப்போஸ்’ அச்சு.

சரி, தமிழில்? தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஜீனாக்கம், புறத்தோற்றம். இலங்கையில் பிறப்புரிமையமைப்பு, தோற்றவமைப்பு. எனக்கு உறுத்துவது ‘புற’ மட்டும்தான். ‘தோன்று’ என்ற வினைக்குக் கண்ணுக்குப் படுவது, உண்டாவது என்று இரண்டு பொருளும் உண்டு. கிரேக்க வேருக்கு அது அழகாகவே பொருந்துகிறது. முன்னால் ‘புற’ வந்து ஒட்டியதும் நிறம், கொம்பு, திமில் என்று நினைப்பு தோலோடு நின்றுவிடுகிறது. பாலின் அளவு, அதிலுள்ள கொழுப்பு, ஈற்றுக்கும் ஈற்றுக்கும் இடைவெளி எல்லாமே ஃபீனோடைப்தான். அதனால் ‘தோற்றவகை’ போதும். அதற்கு இணையாக ‘மரபுவகை’. ‘மரபியல்’ என்பதோ நமக்குப் பழைய பெயர். தொல்காப்பியத்தின் கடைசி இயலுக்கே அந்தப் பெயர்தான், அதுவும் கன்று, குட்டி, பறழ் என்று உயிர்களின் இளமைப் பெயர்களில்தான் தொடங்குகிறது. ஜெனிடிக்ஸுக்கு அந்தப் பெயரை எடுத்து வைத்தவரைப் பாராட்ட வேண்டும்.

நிறத்திலேயே கூட விஷயம் எளிதில்லை. காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலை. சில மாதங்களில் மயிலையாகிவிடும், அதாவது சாம்பல் நிறம். காளையாக வளர்ந்தால் திமிலும் முன்பின் பாகங்களும் கருக்கும், காயடித்த எருதோ மயிலையாகவே நிற்கும். ஒரே மரபுவகை, வயதுக்கும் உடலில் சுரப்பதற்கும் ஏற்ப வேறு வேறு தோற்றவகை.

அடுத்த சொல் ‘இடைவினை’. ஆங்கிலத்தில் இன்டராக்‌ஷன். மரபுவகையையும் சூழலையும் கூட்டினால் தோற்றவகை என்று பாடத்தில் படிப்போம். ஆனால் கூட்டல் மட்டும் போதாது. வெயில் எல்லா மாட்டிலும் ஒரே அளவு பாலைக் குறைத்தால் கணக்கு சுலபம். நடப்பது அப்படி இல்லை. அதிகப் பாலுக்குப் பேர்போன வெளிநாட்டு இனமான ஹோல்ஸ்டீன் மாடு நிறையக் கறப்பதற்கு நிறையத் தின்ன வேண்டும். தின்ற தீவனம் வயிற்றில் நொதிக்கும்போதே சூடு கிளம்புகிறது, பால் சுரப்பும் தன் பங்குக்குச் சூடு சேர்க்கிறது. புழுக்கமான மத்தியானத்தில் அந்தச் சூட்டை வெளியேற்ற வழியில்லாமல் வாயைத் திறந்து மூச்சிரைக்கும், தொட்டியில் வைத்த தீவனம் அப்படியே கிடக்கும். பக்கத்தில் கட்டிய நாட்டுப்பசு அசைபோட்டுக்கொண்டிருக்கும். வெயில் ஒன்றுதான், இழப்பு வேறு. அதிகம் கறப்பதே அதிகம் இழக்கிறது.

இடைவினை முற்றினால் வரிசையே மாறும். வட அமெரிக்காவில் அடர்தீவனம் கொட்டித் தேர்ந்தெடுத்த ஹோல்ஸ்டீன் வம்சத்தை நியூசிலாந்தின் வெறும் புல்லில் விட்டுப் பார்த்தார்கள். உடல் இளைத்து, சினை பிடிக்கவும் தடுமாறியது. அங்கேயே மேய்ச்சலில் தேர்ந்தெடுத்த வம்சம் அந்தப் புல்லில் முந்தியது. சினை ஊசி வழியாக ஒரே காளையின் மகள்கள் பல நாடுகளில் கறக்கும் காலம் இது. ஸ்வீடனின் உப்சாலாவில் இயங்கும், பல நாட்டுக் காளைகளின் மரபுத்தரத்தை ஒப்பிட்டு மதிப்பிடும் இன்டர்புல் மையம் ஒரு காளைக்கு உலகம் முழுவதற்கும் ஒரே மதிப்பெண் போடாமல், ஒவ்வொரு நாட்டின் அளவிலும் தனித்தனியாகக் கணித்துத் தருவது இதனால்தான். காளை அட்டவணையைப் புரட்டுகிறவர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

அப்புறம் ஒரு குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். பாலின் அளவில் மரபின் பங்கு சுமார் 30 சதவீதம் என்பார்கள். பத்து லிட்டரில் மூன்று லிட்டர் ஜீனில் வந்தது என்று இதற்குப் பொருளில்லை. ஒரு மந்தையில் மாட்டுக்கு மாடு தெரிகிற வேறுபாட்டில் அவ்வளவு பங்கு மரபைச் சேர்ந்தது என்றுதான் பொருள். கொழுப்புச் சதவீதத்தில் இந்தப் பங்கு இன்னும் அதிகம், பாதிக்கு அருகில்.

சொல்லைப் பயன்படுத்தும் விதம்: “வாங்கி வந்தது மரபுவகையை, கறப்பது தோற்றவகையை.” “இந்த மாட்டின் தோற்றவகை மார்கழியில் ஒன்று, சித்திரையில் ஒன்று.” இரண்டாவது வாக்கியத்தில் ‘புறத்தோற்றம்’ என்று போட்டுப் படித்துப் பாருங்கள், மாடு நிறம் மாறியது போலத்தான் ஒலிக்கும்.