போட்டோசென்சிடைசர்: ஒளியுணரியா, ஒளியுணர்வூட்டியா?

போட்டோசென்சிடைசர் என்பதை 'ஒளியுணரி' என்று எழுதுவதை ஒத்துக்கொள்ளவே முடியவில்லை. ஒளியுணரி என்றால் கேமராவிலும், இருட்டியதும் தானாக எரியும் தெருவிளக்கிலும் இருக்கிற சென்சார். இங்கே பேசுவது ஒரு வேதிப்பொருளைப் பற்றி. அது செல்லுக்குள் போன பிறகுதான், அதுவரை வெளிச்சம் பட்டாலும் ஒன்றும் ஆகாமல் இருந்த செல், வெளிச்சத்துக்குச் சாகிறது.

'போட்டோ' கிரேக்கத்தில் ஒளி. 'சென்சி' என்பது உணர்தலைக் குறிக்கும் லத்தீன் வேர். அப்புறம் வால் மாதிரி ஒட்டியிருக்கும் 'ஐசர்', அதாவது 'ஆக்குவது'. பொருளின் கனம் முழுக்க அந்த வாலில்தான் இருக்கிறது, 'உணரி' அதைத்தான் விட்டுவிடுகிறது.

1900இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, மியூனிக்கில் ஹெர்மன் ஃபான் டப்பைனரின் மாணவர் ஆஸ்கர் ராப், அக்ரிடின் சாயம் கலந்த நீரில் பரமேசியம் என்ற ஒற்றைச் செல் உயிரிகளை விட்டுப் பார்த்தார். இருட்டில் பிழைத்தவை வெளிச்சத்தில் செத்தன. சாயம் ஒளியை வாங்கி அந்த ஆற்றலைப் பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனுக்குக் கொடுக்க, வெறியேறிய அந்த ஆக்சிஜன் செல்லைச் சிதைக்கிறது. அந்த ஆக்சிஜன் வெகுதூரம் போகாது, பிறந்த இடத்திலேயே அடங்கிவிடும். அதனால் புற்றுநோய் சிகிச்சையில் இந்தப் பொருளைக் கொடுத்து, கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் ஒளியைப் பாய்ச்சி, மற்ற இடத்தைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். ஆனால் ஒளி சதைக்குள் ஆழமாக இறங்காது என்பதும் உண்மை.

இப்படிப்பட்ட பொருளைத் தேடி மலேசிய ஆய்வாளர்கள் தீபகற்ப மலேசியாவின் 93 வகைத் தாவரங்களிலிருந்து 155 சாறுகள் எடுத்து, ரத்தப் புற்று செல்கள்மேல் ஒளியோடு சோதித்து 2009இல் வெளியிட்டார்கள். 29 தாவரங்கள் தேறின. அவற்றில் ஆறு சாறுகளைப் பிரித்துக்கொண்டே போனபோது கிடைத்த நான்கு பொருட்களும் ஃபியோஃபோர்பைடு வகை, அதாவது மக்னீசியமும் நீண்ட வாலும் கழன்றுபோன பச்சையம்! காடெல்லாம் தேடி, கடைசியில் எந்த இலையிலும் இருக்கும் பச்சை நிறத்தின் உறவுக்காரனே கையில் கிடைத்திருக்கிறது, எனக்கு இதைப் படித்தபோது சிலிர்த்துவிட்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'ஒளியுணர்வூட்டி'. சற்று நீளம்தான், ஆனால் 'ஊட்டி' அந்த 'ஐசர்' வேலையைச் சரியாகச் செய்கிறது. இன்னொரு சொல்லும் வேண்டும். போர்ஃபைமர் சோடியம் என்ற ஒளியுணர்வூட்டி மருந்தை ஏற்றிக்கொண்டவர்கள் குறைந்தது 30 நாள் வெயிலையும் பளீரென்ற விளக்கையும் தவிர்க்க வேண்டும், தோல் வெந்துவிடும். அந்த நிலைக்கு 'ஒளியுணர்திறன்' என்று எழுதினால் எந்த நோயாளிக்கும் உறைக்காது. கண் கூச்சம், பல் கூச்சம் என்று நாம் ஏற்கனவே சொல்கிறோமே, அதேபோல 'ஒளிக்கூச்சம்' என்று எழுதலாம்.