சும்மா வரும் கறுப்புக் கல்: வாங்காதீர்கள், கொட்டிவிட்டால் இப்படிப் புகார் செய்யுங்கள்

தோட்டத்து லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) முன்னால் பாதை சேறாகக் கிடக்கும். "ஒரு லோரி கல் சும்மா கொட்டித் தருகிறோம்" என்று ஆள் வருவார். அது பழைய கார் பேட்டரியை உருக்கி ஈயம் எடுத்தபின் மிஞ்சிய கசடாக இருக்கலாம். காய்ந்திருக்கும்போது சரளைக்கல் மாதிரி கெட்டியாக இருக்கும். சோடாவும் இரும்புத் தூளும் சேர்த்து உருக்கிய கசடு மழை பட்டால் உதிர்ந்து கறுப்புப் பொடியாகும். அழுகிய முட்டை வாடையும் வரும். ஈயம் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். அதனால் முதலில் மாட்டுவது முற்றத்தில் விளையாடும் பிள்ளையும் மண்ணைக் கிளறும் கோழியும்தான். பேட்டரி அமிலமும் கலந்திருந்தால் கிணற்றை நம்பாதீர்கள்.

மலேசியாவின் 2005 அட்டவணைக் கழிவு விதிகளில் இந்தக் கசடுக்கு எஸ்.டபிள்யூ. 104, முழு அல்லது நொறுக்கிய பேட்டரிக்கு எஸ்.டபிள்யூ. 102 என்று எண் உண்டு. உரிமம் உள்ள இடத்தைத் தவிர வேறெங்கும் கொட்டக்கூடாது. கொட்டவிட்டவரும் குற்றவாளிதான், தோட்ட மேனேஜர் வாய்வார்த்தையாகத் தலையாட்டியது உங்களைக் காப்பாற்றாது.

புகாரில் "சம்பா" (மலாயில் குப்பை) என்று எழுதினால் காரியம் கெட்டது. குப்பை என்றால் மாவட்ட மன்றத்துக்குப் போகும். அங்கே சுற்றுச்சூழல் துறை பக்கம் கை காட்டுவார்கள், அல்லது லோரி அனுப்பி அள்ளிவிடுவார்கள். தடயமும் அதோடு போகும். "புவாங்கான் தெர்ஜாடுவால் (அட்டவணைக் கழிவு), எஸ்.டபிள்யூ. 104 என்று சந்தேகம்" என்றே எழுதி, நேராகச் சுற்றுச்சூழல் துறைக்கு (ஜே.ஏ.எஸ்.) அனுப்புங்கள். தொலைபேசி 1-800-88-2727. புகார் எண் கேட்டு வாங்காமல் போனை வைக்காதீர்கள். எண் இல்லாத புகாரை அடுத்த வாரம் யாரும் தேடித் தரமாட்டார்கள்.

தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. இரண்டாயிரம் ஏக்கர் செம்பனைக்குள் அதிகாரி எங்கே தேடுவார்? கைப்பேசி வரைபடத்தில் குவியலின் மேல் விரலை அழுத்தினால் வரும் எண்களைப் புகாரில் போடுங்கள். லோரி எண், வந்த நாள், வந்த நேரம் ஆகிய மூன்றும் வேண்டும். பக்கத்தில் சாக்கோ டிரம்மோ கிடந்தால் அதன் லேபிளைக் கிட்டே போய்ப் படமெடுங்கள். கழிவு உண்டான தேதியும் தொழிற்சாலையின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணும் அதில் இருக்க வேண்டும். லேபிளே இல்லையென்றால் அதையும் எழுதுங்கள், அதுவே ஒரு மீறல்.

"180 நாள் வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமிருக்கிறது" என்று வந்து வாயை அடைக்கப் பார்ப்பார்கள். பாதி உண்மை. அந்தச் சலுகை கழிவை உண்டாக்கியவருக்கு, அவருடைய சொந்த இடத்தில், 20 டன்னுக்கு மிகாமல் இருந்தால் மட்டும். உங்கள் லயத்து முற்றம் அவருடைய ஸ்டோர் அல்ல.

மாதிரி எடுக்கிறேன் என்று கையால் அள்ளாதீர்கள். நீங்கள் அள்ளியது வழக்கில் நிற்பது கடினம். அதிகாரி வந்து எடுக்கட்டும். அதுவரை காய்ந்த பொடியை விளக்குமாற்றால் கூட்ட வேண்டாம், காற்றில் பறக்கும். தார்ப்பாய் போட்டு ஓரத்தில் கல் வையுங்கள்.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் கிளினிக்கில் "பிளம்பும்" (ஈயம்) ரத்தப் பரிசோதனை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வழக்கமான ரத்தச் சோதனையில் ஈயம் தெரியாது. "எல்லாம் நார்மல்" என்று ரிசல்ட் கொடுத்தால், தாளில் பிளம்பும் என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.