எறியம்பு: டார்ட்ஸுக்கு ஏற்ற தமிழ்ச் சொல்

வட்டப் பலகையைக் குறிபார்த்துச் சிறு கூர்முனைகளைக் கையால் எறியும் விளையாட்டு டார்ட்ஸ். அதன் பிரீமியர் லீக் பிப்ரவரியில் தொடங்கினால் போதும், மே கடைசி வரை ‘ஈட்டிகள் லீக்’, ‘ஈட்டி எறிதல் லீக்’ என்று தமிழில் எழுதித் தள்ளுகிறார்கள். 2024இல் 17 வயது லூக் லிட்லர் அந்தப் பட்டத்தை வென்ற பிறகு இந்தத் தவறு இன்னும் பரவிவிட்டது. ஈட்டி எறிதல் என்று படித்தவுடன் தமிழ் வாசகருக்கு நினைவுக்கு வருபவர் நீரஜ் சோப்ரா. அவர் ஓடிவந்து திடலில் எறியும் ஈட்டி குறைந்தது 800 கிராம் எடை, 2.6 மீட்டர் நீளம். லிட்லர் நின்ற இடத்திலிருந்து எறிவது இருபது சொச்சம் கிராம். எறிகோட்டிலிருந்து பலகைக்கு உள்ள தூரமே 2.37 மீட்டர்தான். அதாவது நீரஜின் ஈட்டியை லிட்லரின் எறிகோட்டில் வைத்து நீட்டினால் எறியாமலே பலகையைத் தொட்டுவிடும். இந்த இரண்டு விளையாட்டுக்கும் ஒரே பெயரை வைப்பது வாசகரைக் குழப்பும் வேலை.

சொல்லின் பிறப்பை நீட்டி முழக்க வேண்டியதில்லை. ‘டார்ட்’ பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் வேர் ஜெர்மானிய மொழிகளில் இருக்கிறது. அந்த வேருக்கு எறியும் வேல், ஈட்டி என்பதுதான் பொருள். ஈட்டி என்று எழுதுபவர்கள் தங்கள் பக்கம் காட்டும் ஒரே சான்று இதுதான். அது உண்மையும்கூட. ஆனால் வேர் என்ன சொன்னது என்பதை வைத்து இன்றைய பொருளுக்குப் பெயர் வைக்க முடியாது. பொருளைக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் பெயர் வைக்க வேண்டும்.

கையில் எடுத்துப் பார்ப்போம். டார்ட்டுக்கு நான்கு உறுப்புகள்: எஃகு முனை, விரல்கள் பிடிக்கும் டங்ஸ்டன் உடல், அதன் பின்னால் மெல்லிய தண்டு, கடைசியில் நான்கு மடலாக விரியும் இறகு. எடை பெரும்பாலும் 20 முதல் 26 கிராம் வரை. விதிப்படி 50 கிராமைத் தாண்டக் கூடாது. இந்த இறகுதான் வழக்கைத் தீர்க்கிறது. கை விட்டதும் டார்ட் நேர்கோட்டில் போவதில்லை. வால் சற்று அசையும். பின்னால் உள்ள இறகு காற்றைத் தடுத்து வாலைப் பின்னுக்கு இழுக்கிறது; அதனால் முனை முன்னோக்கித் திரும்பி நிலைக்கிறது. இறகு கிழிந்தால் வால் கீழே தொங்கி, டார்ட் சாய்ந்து குத்தும், அல்லது பலகையில் பட்டுத் தெறித்து விழும். ஈட்டிக்கு இறகு கிடையாது. இறகால் நிலைபெற்றுப் பறக்கும் கூர்முனைக்குத் தமிழில் பெயர் அம்பு. இன்று பிளாஸ்டிக்கில் வரும் இந்த இறகு ஒரு காலத்தில் உண்மையிலேயே வான்கோழி இறகாகத்தான் இருந்தது.

விளையாடுகிறவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் ஒருவர் நன்றாக எறிந்தால் ‘நல்ல அம்புகள்’ என்று பொருள்படவே பாராட்டுவார்கள். பிரெஞ்சில் இந்த விளையாட்டின் பெயருக்கே சிற்றம்புகள் என்று பொருள். ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் வீரர்கள் தங்கள் கருவியை அம்பு என்றே அழைக்கிறார்கள். பிரீமியர் லீக்கை ஏழு முறை வென்ற மைக்கேல் வான் கெர்வன் நெதர்லாந்துக்காரர்; அவர் தாய்மொழியிலும் கையில் இருப்பது அம்புதான். இத்தனை பேர் பொருளைப் பார்த்துப் பெயர் சொல்லும்போது நாம் மட்டும் அகராதியின் முதல் வரியைப் பிடித்துக்கொண்டு ஏன் தொங்க வேண்டும்?

ஈட்டிக்காரர்களின் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதற்குப் பதில் சொல்லாமல் போகக் கூடாது. “அம்பு எய்யப்படுவது, வேல் எறியப்படுவது, வில் இல்லாமல் கையால் எறிவதை அம்பு என்பது தமிழ் மரபுக்கு மாறு” என்கிறார்கள். மரபு அப்படித்தான். குறள் ‘கான முயல்எய்த அம்பினில்’ என்றுதான் சொல்கிறது. யானையின் மீது எறிவதற்கு வேலைச் சொல்கிறது. ஆனால் அதே அதிகாரத்தைத் தொடர்ந்து படித்தால் ‘கைவேல் களிற்றொடு போக்கி’ என்று வருகிறது. கைவேல் என்பது களிற்றின் உடலில் பாய்ந்து அதோடு போய்விடும் படைக்கலம். அந்தப் பெயரை, 8 மில்லிமீட்டர் அகலமுள்ள வளையத்தைக் குறிபார்க்கும் விரல் நுனி ஆட்டத்துக்கு வைப்பதுதான் மரபுக்குப் பொருந்தாதது.

வினை பற்றிய கவலைக்குத் தமிழிலேயே தீர்வு இருக்கிறது. ‘எறி’ என்பதை முன்னால் சேர்த்து எறியம்பு என்றால் வில்லின்றிக் கையால் எறியும் அம்பு என்பது சொல்லிலேயே விளங்கிவிடும். எறிந்த அம்பு, எறிகின்ற அம்பு, எறியும் அம்பு என மூன்று காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை இது. எறிபந்து என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் தினமும் சொல்கிறார்கள்; அதே வார்ப்புதான். எய்யும் அம்போடு இது குழம்பவும் செய்யாது. வில்வித்தைச் செய்திக்கு அம்பு, இதற்கு எறியம்பு.

‘எறிகணை’ என்று சிலர் முன்வைக்கிறார்கள். கணை என்றாலும் அம்புதான், ஓசையும் நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. ஈழத் தமிழர் எழுத்தில் எறிகணை என்றால் பீரங்கிக் குண்டு. போர் ஆண்டுகளின் செய்திகள் முழுவதும் அந்தப் பொருளில்தான் வந்தன. அதைக் கேட்டு வளர்ந்தவரிடம் ‘எறிகணைப் போட்டி’ என்று சொல்வது தவறு மட்டுமல்ல, மனத்தை நோகடிப்பதும்கூட. சொல் படைப்பவர் தன் ஊரின் வழக்கை மட்டும் பார்த்தால் போதாது.

பொருளைப் பார்த்துப் பெயரிடும் திறமை நம் செய்தி எழுத்தாளர்களுக்கு இல்லாமல் இல்லை. காட்டு யானையைப் பிடிக்க வனத்துறையினர் துப்பாக்கியால் செலுத்துவதும் ஆங்கிலத்தில் இதே டார்ட்தான். அங்கே எல்லா நாளிதழ்களும் ‘மயக்க ஊசி’ என்று எழுதுகின்றன. மருந்தை உடலில் ஏற்றுவது ஊசி என்று பார்த்தார்கள், வைத்தார்கள், நிலைத்துவிட்டது. ‘மயக்க ஈட்டி’ என்று யாரும் எழுதவில்லை. காட்டில் இருந்த கவனம் விளையாட்டுப் பக்கத்தில் மட்டும் எங்கே போகிறது?

‘ஈட்டிகள்’ என்பதில் இன்னொரு பிழையும் ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் இந்த விளையாட்டின் பெயர் பன்மையில் இருப்பதால் நாமும் ‘கள்’ போட வேண்டியதில்லை. எறியம்பு ஆட்டம், எறியம்பு லீக், எறியம்பு வீரர் என்பதே தமிழ் நடை.

இந்த லீக்கைப் பற்றி எழுதும்போது கூடவே வரும் மற்றச் சொற்களும் இப்படியே சிதைகின்றன. ‘சீசன்’ என்பதற்குப் ‘பருவம்’ நல்ல சொல். அந்த ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்கு விதைப்பு என்று பொருள். ‘பருவத்தே பயிர் செய்’ என்ற நமக்கு அது அந்நியமே இல்லை. ஆனால் ‘2024 பருவநிலையில்’ என்று எழுதுகிறார்களே, அது வானிலை அறிக்கை. ‘பருவகாலம்’ என்றாலும் மழையும் வெயிலும்தான் நினைவுக்கு வரும். ‘2024 பருவம்’ போதும். சீசன் என்றே எழுதினாலும் குற்றமில்லை.

‘லெக்’ என்பதைக் ‘கால்’ ஆக்குவது எல்லாவற்றிலும் மோசம். 501 புள்ளியில் தொடங்கி, எறிந்து எடுக்கும் புள்ளிகளைக் கழித்துக்கொண்டே வந்து, கடைசி அம்பைப் புள்ளியை இரட்டிப்பாக்கும் வளையத்திலோ நடுப்புள்ளியிலோ குத்திச் சரியாகச் சுழியத்தில் முடிப்பது ஒரு லெக். பயணத்தின் ஒரு கட்டத்தையும் ஆங்கிலத்தில் லெக் என்பார்கள்; இதுவும் அதுபோல ஒரு கட்டம். உடலுறுப்போடு இங்கே தொடர்பில்லை. ‘காலிறுதியில் 6-4 கால்கள்’ என்று எழுதினால் யாருக்கு என்ன புரியும்? ‘சுற்று’ என்றும் எழுத முடியாது. அது முதல் சுற்று, இரண்டாம் சுற்று என்று வேறு பொருளில் தேவைப்படுகிறது. டென்னிஸில் செட் என்பதை அப்படியே ஏற்றுக்கொண்டோம். லெக்கையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். தூய்மைக்காகத் தெளிவைப் பலி கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

‘16 சுற்றுகள் கொண்ட லீக்’ என்பது அடுத்த குழப்பம். 2022 முதல் இந்த லீக்கின் அமைப்பே வேறு. எட்டு வீரர்கள், வியாழன்தோறும் ஒவ்வொரு நகரில் ஓர் இரவு. அந்த ஒரே இரவில் காலிறுதி, அரையிறுதி, இறுதி மூன்றும் நடந்து முடியும். ஒவ்வொன்றிலும் முதலில் 6 லெக் எடுப்பவர் வெற்றி. இரவை வெல்பவருக்கு 5 புள்ளி, இறுதியில் தோற்பவருக்கு 3, அரையிறுதியில் தோற்பவர்களுக்குத் தலா 2, காலிறுதியில் தோற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. 16 இரவுகளின் புள்ளிகளைக் கூட்டி முதல் நால்வர் முடிவு இரவுக்குப் போவார்கள்; 2023 முதல் அது லண்டன் ஓ2 அரங்கில் நடக்கிறது. ஒவ்வோர் இரவுக்குள்ளும் மூன்று சுற்றுகள் இருக்கும்போது இரவையே சுற்று என்றால் கணக்கு எப்படி விளங்கும்? வீரர்களும் வர்ணனையாளர்களும் ‘இரவு’ என்றே சொல்கிறார்கள். ஐந்தாம் இரவு, பத்தாம் இரவு என்பது தமிழிலும் கச்சிதமாக வருகிறது.

‘ஒன்பது ஈட்டி ஆட்டம்’ என்று வருவதையும் திருத்த வேண்டும். 501ஐ முடிக்கக் குறைந்தது ஒன்பது அம்புகள் தேவை. வழக்கமான வழி: முதல் மூன்றும் மும்மடங்கு 20இல் பட்டு 180, அடுத்த மூன்றிலும் அப்படியே 180, மீதி 141க்கு மும்மடங்கு 20, மும்மடங்கு 19, இரட்டை 12. அதைச் சாதிப்பவரை ‘ஒன்பது அம்பில் முடித்தார்’ என்றால் ஆட்டம் தெரியாதவருக்கும் புரியும்.

வினையில் மட்டும் ஒரு கவனம். பெயரில் அம்பு இருக்கிறதே என்று ‘எய்தார்’ என்று எழுதிவிடக் கூடாது. எறிந்தார் என்பதே சரி. 2024 முடிவு இரவை இப்படி எழுதலாம்: “பிரீமியர் லீக் எறியம்பு இறுதியில் லூக் லிட்லர் 11-7 லெக் கணக்கில் லூக் ஹம்ப்ரீஸை வென்றார். ஒரு லெக்கை ஒன்பதே அம்பில் முடித்தார்.”