செட்டிநாட்டு வீட்டுச் சுவருக்குச் சிமெண்ட் வேண்டாம்

கானாடுகாத்தான், காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் சுவரடியில் ஓதம் (தரை ஈரம்) ஏறியதும், பழைய சுண்ணாம்புக் காரைப் பூச்சைக் கொத்திவிட்டுச் சிமெண்ட் பூசிவிடுகிறார்கள். அந்தச் சுவருக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

இந்த வீடுகள் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940-கள் வரை, நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் ஈட்டிய பணத்தில் எழுந்தவை. முகப்பு, வளவு (திறந்த முற்றமுள்ள நடுப்பகுதி), இரண்டாம் கட்டு, அடுப்படி என வாசல்கள் ஒரே நேரில் பின்தெரு வரை போகும். வளவின் கூரைகள் உள்பக்கமாகச் சரிவதால் மழைநீர் வீட்டின் நடுவிலேயே விழும். வெயிலும் காற்றும் அதே திறப்பால்தான் வருகின்றன; நனைந்த சுவரும் அதனால்தான் காய்கிறது.

சுண்ணாம்புக் காரையில் நுண்துளைகள் உண்டு. செங்கல் உறிஞ்சிய ஈரம் அவற்றின் வழியே ஆவியாகிவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைக்கிறது. ஈரம் பூச்சுக்கு மேலே ஏறி வெளிவர, அங்கே உப்புப் பூத்துச் செங்கல் பொரிகிறது. சுவருக்குள் செருகிய தேக்கு உத்தரத்தின் முனை ஈரத்திலேயே கிடந்து மக்குவது இன்னும் மோசம். வெளியே தெரியும்போது உத்தரம் இறங்கியிருக்கும்.

பூசுவதற்கு முன் தண்ணீர் வரும் வழியைத் தேடுங்கள். வளவுத் தூம்பில் (மழைநீர் வெளியேறும் வடிகாலில்) நாலைந்து குடம் ஊற்றி, தேங்காமல் வெளியேறுகிறதா என்று பாருங்கள். கூரைகள் கூடும் மூலையில் ஓடு விலகியிருக்கிறதா, சுவரை ஒட்டி வெளியே சிமெண்ட் தளம் போட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பங்காளிகள் பலருக்குச் சொந்தமான வீட்டில் மேலே ஏறிப் பார்க்க ஆளில்லாமல் போவதுதான் பாதிச் சேதத்துக்குக் காரணம்.

பிறகு சிமெண்டை உளியைச் சாய்த்துப் பிடித்துப் பெயர்த்தெடுங்கள். இயந்திரம் வைத்தால் செங்கல் முகமும் சேர்ந்து வந்துவிடும். ஒரு கோடை முழுக்கச் சுவர் காயட்டும். நீர்த்த சுண்ணாம்பு ஒரு மாதமாவது தண்ணீருக்கடியில் ஊறியிருக்க வேண்டும். அதில் 1 பங்குக்கு உப்பில்லாத ஆற்றுமணல் 3 பங்கு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்ப்பது இந்த ஊர் வழக்கம். சுவரை நனைத்து, ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் பூசி, ஈரச் சாக்குத் தொங்கவிட்டு ஒரு வாரம் மெதுவாகக் காயவிடுங்கள். கனமாகப் பூசினாலோ வெயிலில் சட்டென்று காய்ந்தாலோ வெடிப்பு விழும்.

முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கல்லால் தேய்த்து மினுக்கிய பழைய பூச்சு மேலே இருந்தால், அதைத் தட்டிப் பாருங்கள். டொக்கென்று வெற்றோசை கேட்கும் இடத்தை மட்டும் எடுங்கள், மற்றதைத் தொட வேண்டாம். எமல்ஷன் பெயின்டும் ஈரத்தை அடைக்கும் என்பதால், புதுப் பூச்சின் மேல் சுண்ணாம்பு மட்டுமே அடிக்க வேண்டும்.